கறார் குடிக்காத டீ

எந்தப் பட்டறைக்குப் போனாலும் கொள்முதல் அதிகாரியின் கையில் ஒரு ப்ளாஸ்க் இருக்கும். கோப்பு மறந்து போகும், மூக்குக் கண்ணாடி மறந்து போகும், ஒருமுறை அவசரத்தில் செருப்பே ஜோடி மாறிப் போயிற்று. ப்ளாஸ்க் மட்டும் மறந்ததில்லை. பொருள் விற்கிறவர்கள் வாசலிலேயே நின்று, "வாங்க சார், சூடா ஒரு டீ..." என்று வாயெடுப்பார்கள். அவர் ப்ளாஸ்க்கைத் தூக்கிக் காட்டுவார். வந்த டீ வந்த வழியே திரும்பிப் போகும். இதனாலேயே அவருக்குக் 'கறார்' என்று பெயர் விழுந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். போகப் போக முகத்துக்கு நேராகவே 'கறார் சார்' ஆகிவிட்டது. அவருக்கும் அந்தப் பெயர் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

சும்மா வந்த கறார் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு மேலே ஓர் அதிகாரி இருந்தார், தங்கமான மனுஷர். விற்கிறவர்களிடம் ஒரு டீயில் தொடங்கினார், பிறகு மதியச் சாப்பாடு, பிறகு மகளுக்கு ஒரு சைக்கிள். வீட்டுக்கு மேல் மாடி எழும்பியபோது வேலை போயிற்று. கடைசி நாள் மேஜையைக் காலி செய்துகொண்டே அந்த மனுஷர் சொன்னார்: "எல்லாம் அந்த மொத டீதான் தம்பி. அதை வேணாம்னு சொல்லியிருந்தா மத்ததெல்லாம் வந்திருக்காது." சொன்னவர் மறந்திருப்பார். கேட்டவர் அதையே வேதமாகப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம், பாலம், தண்ணீர்த் தொட்டி என்று எத்தனையோ திட்டங்கள். என்ன வாங்குவது, யாரிடம் வாங்குவது, என்ன நிபந்தனைக்கு வாங்குவது, சொன்ன தேதிக்கு வராவிட்டால் யார் தலையில் கட்டுவது என்பதெல்லாம் அவர் பாடு. டெண்டர் விடுவார், உறைகளை எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பார், ஒப்பிட்டுப் பட்டியல் போடுவார், ஒப்பந்தம் எழுதுவார், துரத்துவார், முடிப்பார். கல்யாணம் மட்டும் ஆகவில்லை. சின்ன வயதில் பெண் பார்க்கப் போன வீடுகளிலும் அவர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிவு சொல்ல அவகாசம் கேட்டார். அவகாசம் முடிவதற்குள் பெண்களுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போய்விட்டது. "பொண்ணு பாக்கப் போனியா, டெண்டர் பிரிக்கப் போனியாடா?" என்று அக்கா இன்றைக்கும் கேட்பாள். கணவர் இறந்தபின் அக்கா தம்பியோடுதான் இருக்கிறாள். ப்ளாஸ்க்கில் டீ ஊற்றித் தருகிற புண்ணியவதியும் அவள்தான்.

இப்படித் தன் ப்ளாஸ்க்கும் தன் பாடுமாக ஐம்பதைத் தாண்டிய மனிதரை, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கதவுகள் வந்து கவிழ்த்தன.

டெண்டருக்கு முன் ஒரு கூட்டம் நடக்கும். விற்க விரும்புகிறவர்கள் வந்து சந்தேகம் கேட்கலாம். அன்றைக்கு அந்த நீள அறையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கட்டில் எவ்வளவு அகலம் சார்?" நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிற கதவு, ஆகையால் நியாயமான கேள்விதான். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். கணவர் விட்டுப்போன கதவுப் பட்டறையைத் தனியாக நடத்துகிறவர். எல்லோருக்கும் அவர் கதவுக்காரம்மா.

"கட்டில் அகலம் எழுதியிருக்கீங்க சார். கட்டிலைத் தள்றவங்களுக்கும் இடம் விட்டிருக்கீங்க. பக்கத்துல கையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் கூடவே நடந்து வருவாங்களே, அவங்களுக்கு எங்க இடம்? கதவுகிட்ட வந்ததும் கையை விடணுமா?"

கறார் வரைபடத்தைப் பார்த்தார். விட்டுத்தான் ஆகவேண்டும், கூட வருகிறவருக்கு இடமில்லை. கட்டடம் வரைந்தவர்களும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. யார் கையையும் பிடித்துக்கொண்டு எந்தக் கதவையும் தாண்டியிராத ஆளுக்கு அது எப்படித் தோன்றும்? வார்டுக் கதவுகளின் அகலத்தை மாற்றினார்கள். ஆனால் டெண்டரில் ஒரு விதி உண்டு: ஒருவர் கேட்ட கேள்வியும் அதற்கான பதிலும், கேட்டவர் பெயர் இல்லாமல், எல்லோருக்கும் போகவேண்டும். வராதவர்களுக்கும் போயிற்று. மறுநாள் தொலைபேசி அடித்தது.

"என் மூளையை எடுத்து ஊருக்கே பந்தி வச்சிட்டீங்களே சார்!"

"விதி மேடம். ஒருத்தருக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியணும்."

"அப்ப பதிலுக்கு அவங்க மூளையில கொஞ்சம் எனக்கு அனுப்புங்களேன்."

"அவங்க யாரும் உருப்படியா ஒண்ணும் கேக்கல மேடம்," என்று சொல்லிவிட்டார் கறார். சொன்ன பிறகுதான் ஒரு விற்பனையாளரைப் பாராட்டிவிட்டோம் என்று உறைத்தது. அன்று முழுக்கக் காது சூடாகவே இருந்தது.

ஒப்பந்தம் கதவுக்காரம்மாவுக்கே கிடைத்தது. அதில் கறாரின் தயவு ஒரு துளியும் இல்லை. மாதிரிக் கதவைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள், நெருப்பில் காட்டினார்கள், ஸ்ட்ரெச்சரால் திரும்பத் திரும்ப மோதினார்கள். நின்றது அந்தம்மாவின் கதவுதான். பேரம் பேச உட்கார்ந்தபோது இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கூட இருந்த எழுத்தர் வெளியே வந்து, "ரெண்டு பேரும் ஒரே மண்ணுல செஞ்சவங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதன் பிறகு பேச்சு தொடங்கியது. கதவுகள் தயாராகும் காலம் முழுக்க வாரம் தவறாமல் பேசவேண்டியிருந்தது. "கெட்ட செய்தி முதல்லயா, நல்ல செய்தி முதல்லயா சார்?" என்று அந்தம்மா ஆரம்பிப்பார். "தேதி முதல்ல சொல்லுங்க," என்பார் கறார். மரம் காய்ந்ததா, கீல் வந்ததா, தாழ்ப்பாள் எந்தக் கப்பலில் இருக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் வாயால் பேசியதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்பது கறாரின் இன்னொரு வேதம். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும், 'இன்று தொலைபேசியில் பேசியபடி' என்று தொடங்கி எழுதி அனுப்புவார். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே அடித்துக்கொண்டு பெய்ததைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசிவிட்டார்கள். விதி விதிதானே. 'மழை பற்றியும் பேசப்பட்டது' என்று கடைசி வரியாகச் சேர்த்தார். பதில் வந்தது: 'மழை பற்றிப் பேசியது உறுதி செய்யப்படுகிறது.' அதைப் படித்துவிட்டுக் கறார் தனியாகச் சிரித்தார். அலுவலகத்தில் அவர் சிரித்ததைப் பார்த்த எழுத்தர், உடம்புக்கு ஏதோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

சோதனை பார்க்கப் பட்டறைக்கும் போகவேண்டும். மரத்தூள் வாசனை, இழைப்பு எந்திரத்தின் இரைச்சல், மூலையில் ஒரு மேஜை. அந்த மேஜையில் கதவுக்காரம்மா இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைப்பார். கறார் ப்ளாஸ்க்கைக் காட்டுவார். அந்தம்மா தன் டம்ளரை எடுத்துக்கொள்வார். மற்றது அப்படியே ஆறும். அடுத்த முறை போனாலும் இரண்டு டம்ளர்தான். குடிக்கமாட்டேன் என்று தெரிந்தும் எதற்கு ஊற்றுகிறார் என்று கறார் கேட்டதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், ஏடு படிய ஆறிக்கொண்டிருந்த அந்த டம்ளர் கண்ணிலேயே நிற்கும். அக்கா ஊற்றிக் கொடுத்த டீயில் எதுவோ குறைவதாகத் தோன்ற ஆரம்பித்தது. "சர்க்கரை போட்டியா அக்கா?" என்று கேட்டு, கரண்டியால் அடி வாங்காத குறை.

கதவுகள் மாட்டியாயிற்று. ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. அன்று தொடங்கி ஒரு வருஷம் உத்தரவாதக் காலம். அதற்குள் எந்தக் கதவு மக்கர் பண்ணினாலும் விற்றவர் வந்து சரி செய்து தரவேண்டும். வருஷக் கடைசியில் குறை எதுவும் நிலுவையில் இல்லையென்றால், அதிகாரி நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போடுவார். அத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. அவரவர் வழி அவரவருக்கு.

கறாருக்கு இப்படி ஒரு வருஷம் வாய்த்ததில்லை. வேறு திட்டங்களில் குறை வந்தால் எரிந்து விழுகிறவர், இப்போது குறை வராதா என்று ஏங்கினார். ஒரு கதவு முனகினால் உள்ளம் துள்ளும். கூப்பிடுவார். அந்தம்மா ஆளை அனுப்பாமல் தானே பையைத் தூக்கிக்கொண்டு வருவார். முழங்காலிட்டு உட்கார்ந்து எண்ணெய் விடுவார், கீலை முடுக்குவார், கதவை இரண்டு தரம் திறந்து மூடிக் காது கொடுத்துக் கேட்பார். கறார் பக்கத்தில் கோப்போடு நிற்பார். "ஆச்சு சார்." "ஆச்சா?" "ஆச்சு." அவ்வளவுதான் நடக்கும். அன்று ராத்திரி சாப்பாடு ருசிக்கும்.

தொல்லை என்னவென்றால் அந்தம்மா நல்ல கதவுக்காரர். ஒரு முறை சரி செய்த கதவு மறுபடி முனகாது. மாதம் போகப் போகக் குறைகள் குறைந்தன. கறார் மாலையில் மாடி மாடியாக ஏறி, கதவு கதவாகத் தட்டிப் பார்த்தார். நர்ஸுகள், "எவ்வளவு பொறுப்பான மனுஷர்!" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். ஒரு கதவாவது முனக வேண்டுமே! ஒப்பந்தம் இருக்கும்வரை அந்தம்மாவைப் பார்க்கலாம், டீயைத் தொடக்கூடாது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் டீயைத் தொடலாம், ஆனால் என்ன வேலை என்று சொல்லிக்கொண்டு போவது? வேலை இல்லாமல் ஒரு மனிதரைப் பார்க்கப் போக அவருக்குத் தெரியாது. அந்தப் பாடத்தை அவர் படிக்கவேயில்லை.

உத்தரவாதக் காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார்.

மூன்றாம் மாடியில் படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறை. அதைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கறார் இருந்தது: நோயாளி போகாத கதவு, யாருக்கும் அடிபடாது. மத்தியான நேரம், நடையில் ஆளில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தார். தாழ்ப்பாள் விழுகிற தகட்டின் திருகாணியில் வைத்துத் திருகினார். முதலில் அசையவில்லை, அந்தம்மா முடுக்கியதாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். தகடு தொங்கியது. சாத்தினால் கதவு நிற்காமல் தானாகத் திறந்துகொண்டது. கறார் கீழே வந்து கோப்பில், 'ஒரு குறை நிலுவை' என்று தன் கையாலேயே எழுதினார். பிறகு தொலைபேசியை எடுத்தார். வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அதேதான்.

கதவுக்காரம்மா வந்தார். தகட்டைப் பார்த்தார். திருகாணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கறாரின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முடுக்கிவிட்டு, "ஆச்சு சார்," என்றார். கறார், "பத்து நாள் பாக்கலாம் மேடம், திரும்ப வருதான்னு," என்று சொல்லி, கோப்பில் குறையை அப்படியே நிலுவையில் விட்டார். பத்து நாளில் அது திரும்ப வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

இரண்டாம் முறை வந்தபோது அந்தம்மா முழங்காலிட்டபடியே சொன்னார்:

"சார், ஒண்ணு கேக்கணும். வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு கட்டுறாங்க. பல கட்டடம், அத்தனைக்கும் கதவு. டெண்டர் போடலாம்னு இருக்கேன். இதே மாதிரி ஒரு வேலையை முழுசா முடிச்சுக் கொடுத்தேன்னு சர்டிபிகேட் வச்சாத்தான் உறையைப் பிரிப்பாங்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

"கிடைச்சா?"

"கிடைச்சா பட்டறையை அங்கேயே தூக்கிட்டுப் போயிடுவேன். கிடைக்கலேன்னா..." திருகாணியை முடுக்கிக்கொண்டே தொடர்ந்தார். "இங்க கையில வேற ஆர்டர் இல்ல சார். ஆளுங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். எந்திரத்தை விலைக்கு வாங்கிக்க ஆள் பாத்து வச்சிருக்கேன்."

கறார், "பாக்கலாம் மேடம்," என்றார். அது அவர் எல்லா விற்பனையாளர்களிடமும் சொல்கிற வார்த்தை. அன்று அதைச் சொல்லும்போது வாய் கசந்தது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. கையெழுத்துப் போட்டால் அந்தம்மா போய்விடுவார். போடாவிட்டால் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். குறை நிலுவையில் இருக்கிறது, கோப்பு அப்படித்தான் சொல்கிறது. சும்மா இருந்தாலே போதும். வெள்ளிக்கிழமை தானாகக் கடந்துபோகும். இவ்வளவு சுலபமான அநியாயம் தன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பழைய அதிகாரி டீ வாங்கிக் குடித்தார், சைக்கிள் வாங்கினார். ஆனால் யார் பட்டறையையும் அவர் மூடவில்லை.

"அக்கா," என்றார், "அந்த ஸ்க்ரூவ நான்தான் கழட்டினேன்."

அக்காவுக்கு முழுக் கதையும் சொல்லி முடிக்கப் பாத்திரம் கழுவுகிற நேரம் ஆயிற்று. அவள் முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அம்பது வயசுக்கு மேல இதை வேற யாரும் இப்படிப் பண்ணமாட்டாங்கடா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்ல, கதவைக் கழட்டியிருக்க."

"ஒப்பந்தம் நடக்கும்போது எப்படிக் கேக்குறது? அவங்க இல்லேன்னு சொல்ல முடியுமா? என் கையெழுத்துக்காகச் சரின்னு சொல்லிட்டா?"

அக்கா கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். தம்பி சொன்னது நியாயம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"அப்ப மொதல்ல கையெழுத்தைப் போடு. அந்தம்மா கையைக் கட்டிப்போட்டுட்டு நீ ஆசைப்பட்டா அது ஆசையாடா? விட்டுட்டு ஆசைப்படு. வலிக்கட்டும்."

மறுநாள் காலை கறார் மூன்றாம் மாடிக்குப் போனார். கதவைச் சாத்தினார், தாழ்ப்பாள் அடக்கமாக விழுந்தது. கோப்பில் குறையை அடித்து, நிறைவுச் சான்றில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். அனுப்பிவைக்க ஆள் இருந்தான். ஆனாலும் தானே எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் வீட்டுக்குப் போய்விட்டுப் புறப்பட்டபோது, வாசல்வரை வந்த அக்கா ப்ளாஸ்க்கை நீட்டினாள்.

"வேணாம்," என்றார் கறார். அவ்வளவு வருஷத்தில் முதல் தடவை.

பட்டறையில் எந்திரம் ஓடவில்லை. கதவுக்காரம்மா சான்றை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். நிமிர்ந்தபோது கண் பளபளத்தது. பிறகுதான் அவருடைய கையைக் கவனித்தார். காலி. ஒன்றும் கேட்காமல் மேஜைக்குப் போய் இரண்டு டம்ளரிலும் டீ ஊற்றினார்.

"இப்ப ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு சார்."

"முடிஞ்சு போச்சு மேடம்."

கறார் உட்கார்ந்தார். டம்ளர் சுட்டது. ஆவி முகத்தில் பட்டது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். இத்தனை நாள் ஆறின டீயில் அந்த வாசனையே தெரிந்ததில்லை. உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்," என்றார் கதவுக்காரம்மா. "டெண்டர்ல, ஏற்கெனவே வேலை கொடுத்தவர் ஒருத்தர் பேர் கேட்டாங்க, விசாரிக்கிறதுக்கு. உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன். வேற யார் பேரைக் கொடுக்க?"

டம்ளர் உதட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. என்ன கேட்பார்கள் என்று கறாருக்குத் தெரியாதா? அவரே எத்தனை பேரைக் கேட்டிருக்கிறார்! டம்ளரை மெல்ல மேஜையில் வைத்தார்.

"ஒரு டீதானே சார்? யாருக்குத் தெரியப்போகுது?"

"கேப்பாங்க மேடம். இவங்ககிட்ட ஏதாவது வாங்கிச் சாப்பிட்டிருக்கீங்களான்னு கேப்பாங்க. நான் சொல்ற பதில்ல உங்களுக்கு ஒரு கறை ஒட்டக்கூடாது."

அந்தம்மா ஆவி பறக்கும் டம்ளரையே பார்த்தார். "துணி அறைக் கதவு ஸ்க்ரூ தானாக் கழண்டதில்ல சார்," என்றார், சாதாரணமாக. "தலையில காசு வச்சுத் திருகின தடம் இருந்துச்சு. ரெண்டு தடவையும்."

கறாருக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. "தெரிஞ்சுமா... ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுபடி கூப்பிட்டிருக்க மாட்டீங்களே."

கறாருக்கு எழுந்திருக்க மனசில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, ஆனால் அதைச் சொல்லிவிட்டால் விசாரணைக்கு என்ன பதில் சொல்வது? கதவுக்காரம்மாவும் அவரைப் பேசச் சொல்லவில்லை. இரண்டு டம்ளரும் அன்று சேர்ந்தே ஆறின. அந்தம்மாவும் தன்னுடையதைத் தொடவில்லை.

சில வாரங்களில் அந்த ஊர் ஆஸ்பத்திரித் தரப்பிலிருந்து தொலைபேசி வந்தது. இளம் குரல். கையில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு படித்தது. தரம் எப்படி? சொன்ன தேதிக்கு வந்தார்களா? தகராறு ஏதும் உண்டா? கறார் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார்.

"உத்தரவாதக் காலம் முடிஞ்ச தேதிக்கும், நீங்க சர்டிபிகேட் கொடுத்த தேதிக்கும் கொஞ்சம் இடைவெளி இருக்கே சார். அவங்க வேலையில ஏதாவது பிரச்சனையா?"

கறார் கண்ணை மூடிக்கொண்டார். "அவங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. தாமதம் என்னோடது. கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. எழுதிக்கோங்க."

குரல் சிரித்தது. "உங்களைக் கறார்னு சொல்றாங்க, சரியாத்தான் இருக்கு சார். இன்னும் ரெண்டே கேள்வி. உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாவது உறவு?"

"இல்லைங்க."

"அவங்ககிட்டேருந்து பரிசு, விருந்து, அந்த மாதிரி?"

"ஒரு டீ கூட இல்லைங்க."

இரண்டுமே சத்தியம். அந்தச் சத்தியத்தைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தவர், மேஜையில் முகம் கவிழ்த்து அழுதார். எழுத்தர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அடுத்த வாரம், அவர் சொன்ன பதில்களைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி இருந்தது: கதவு விற்பவரின் புதிய ஒப்பந்தம் முடியும்வரை இந்தப் பதில்களில் எது மாறினாலும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த மாதிரி வரியை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் மதிப்பதில்லை. கறார் படித்தார். உறவும் டீயும் அதில் அடக்கம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.

வேலை கதவுக்காரம்மாவுக்குக் கிடைத்தது. எந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த மாதமே போய்விட்டார். போய் இறங்கிய அன்று கூப்பிட்டார்.

"கெட்ட செய்தி முதல்லயா, நல்ல செய்தி முதல்லயா சார்?"

"தேதி முதல்ல சொல்லுங்க."

"கட்டடம் முடிய மூணு வருஷம் ஆகுமாம். அப்புறம் உத்தரவாதக் காலம் ஒண்ணு இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இங்க நான் தங்கியிருக்கிற இடத்துல மேஜை சின்னதுதான். ரெண்டு டம்ளர் வைக்கலாம்."

"ஒப்பந்தம் முடியட்டும் மேடம்."

"அதுவரைக்கும் டீ ஆறிடுமே."

"இப்பவே ஊத்தி வைக்காதீங்க. நான் வந்தப்புறம் ஊத்துங்க."

"சரி சார். இதை எழுத்துல உறுதி பண்ணி அனுப்பிடாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா கேட்டதும் தலையிலடித்துக்கொண்டாள். "அந்த ஒத்தை வரியை யாருடா பாக்கப் போறாங்க? ஒரு ராத்திரி பஸ்ல ஏறினா விடிஞ்சா அந்த ஊரு!" பஸ் எந்த நேரத்துக்குக் கிளம்புகிறது என்று அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

இப்போதும் சில மாலைகளில் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வேலை ஒன்றும் கிடையாது. வேலை இல்லாமல் போகப் பழகிக்கொண்டிருக்கிறார். வார்டுக் கதவு வழியாகக் கட்டில் ஒன்று உருண்டு வரும். பக்கத்தில் யாராவது கையைப் பிடித்தபடி, விடாமல் நடந்து வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் மாடிக்கு ஏறுவார். துணி அறைக் கதவை ஒருமுறை திறந்து மூடுவார். தாழ்ப்பாள் சத்தமில்லாமல் விழும்.

அப்போதெல்லாம் அவருக்கு ஒரே கவலைதான். அந்த ஊரிலும் ஒரு கொள்முதல் அதிகாரி இருப்பாரே. அவர் நல்ல மனுஷராக, குடும்பம் குட்டியோடு இருக்கிறவராக, மாலையானால் நேரே வீட்டுக்குப் போகிறவராக இருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடிகிற அன்றே கையெழுத்தைப் போட்டுவிட வேண்டும். அவர் சட்டைப் பையில் ஒரு நாணயம்கூட இருக்கக்கூடாது.